கீரைக்கு நல்ல தண்ணி கொடுங்க!

"கீரேய்... அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை!"

சென்னையில் விடிந்ததும் தெருவில் கேட்கும் குரல் இது. கட்டை வாங்குகிறோம். பசேலென்று இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். எந்தத் தண்ணியில் வளர்ந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன பதில் வரும்? கிணறு வற்றிய இடத்தில், பக்கத்துக் கால்வாயில் மோட்டார் போட்டு இறைப்பவர்கள் உண்டு. கால்வாயில் ஓடுவதோ சாக்கடை!

அவர்களைத் திட்டிப் பயனில்லை. கீரையின் குணம் அப்படி. 25 நாளில் பிடுங்கும் கீரைக்கு வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். மேல்மண் காய்ந்தால் தண்டு நாராகும். சீக்கிரமே பூ விடும். அதை யார் வாங்குவார்? தண்ணி தேங்கினாலும் வேர் அழுகும். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்கணும்; விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம். வெயில் காலத்தில் இந்தப் பதம் தவறாமல் காக்க, தண்ணி கையில் இருக்க வேண்டும்.

சாக்கடையில் தழைச்சத்து உண்டு. கீரை மதமதவென்று வளரும். கண்ணுக்கு அழகு! கூடவே வயிற்றுப்போக்குக் கிருமியும் குடல்புழு முட்டையும் வரும். கீரையையாவது வேக வைக்கிறோம். கொத்தமல்லி, புதினாவைப் பச்சையாக அல்லவா அரைக்கிறோம்? ஆலைக் கழிவும் கலந்தால் காரீயம், காட்மியம் இலைக்குள் ஏறும். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

நல்ல தண்ணிக்கு எங்கே போவது? வழி இருக்கிறது. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடியில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறார்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், நாளொன்றுக்கு தலா 4½ கோடி லிட்டரை மேலும் சுத்தமாக்கித் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019-ல் வந்தன. நல்ல காரியம்தான். குடிநீர் மிச்சமாகிறது. ஆனால் இயந்திரத்துக்குக் கிடைக்கும் சுத்தம், வயிற்றுக்குள் போகும் கீரைக்கு வேண்டாமா?

கீரைக்கு அத்தனை செலவு தேவையில்லை. ஆலைக் கழிவு கலக்காத நீரைச் சுத்திகரித்து, வடிகட்டி, குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்றால் போதும். பச்சையாகத் தின்னும் பயிருக்கு 100 மில்லி நீரில் மலக்கிருமி 1,000-க்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே அளவு சொன்னது. அதைச் சோதித்துப் பார்த்து, கீரைப் பாத்திக்குக் குழாய் போடலாமே!

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தண்ணியிலும் தழைச்சத்து உண்டு, யூரியாவைக் குறையுங்கள். உப்பும் உண்டு, அவ்வப்போது நல்ல தண்ணி விட்டு மண்ணை அலசுங்கள். இலைமேல் தெளிக்காமல் வாய்க்காலில் பாய்ச்சுங்கள். அறுப்புக்கு முந்திய சில நாளாவது கிணற்றுத் தண்ணியோ போர் தண்ணியோ விடுங்கள். அறுத்த கட்டைக் கால்வாயில் முக்காதீர்கள்!

கீரைக்காரம்மா நாளைக்கும் வருவார். பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும் என்றுதான் தாய்மார்கள் கீரை வாங்குகிறார்கள். அந்தக் கீரையே நோயைக் கொண்டுவரலாமா? அதிகாரிகள் உடனே ஆவன செய்ய வேண்டும். செய்வார்களா?