பின்காத்து ஜாலியா? யாரு சொன்னா?

வாலாஜாபாத்காரனுக்குப் பாய்மரப் படகுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பாலாத்துல தண்ணி வந்தாலே பாலத்துல வண்டிய நிறுத்தி வேடிக்கை பாக்கற ஊரு நம்முது. வாரம் அஞ்சு நாள் ஒரகடத்துல ஆணி புடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை சென்னைக்கு ஓடி சின்ன படகு ஓட்டக் கத்துக்கறேன். இந்தப் பதிவு அங்க கேட்ட ஒரு டயலாக் பத்தி.

"எதிர்காத்து தான்டா கஷ்டம். காத்து முதுகுல அடிச்சா ஜாலி. பாயை விரிச்சுட்டு உக்காரு."

சொன்னவர் சீனியர். நம்பினேன். போன மாசம் பாயோட அடிக்கம்பு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் சடார்னு அடிச்சதுல கூட வந்த நண்பன் தலையில மூணு தையல். அதனால இப்ப சொல்றேன்: அந்த டயலாக் சுத்தப் பேத்தல்.

கணக்கைப் பாருங்க. அடிக்கறது 20 நாட் காத்து, படகு 6 நாட். காத்தோட போனா உங்க முதுகுல படறது 14 தான். சுகமா இருக்கும். அதே படகைக் காத்துக்கு எதிரா சாய்ச்சுத் திருப்பினா கிட்டத்தட்ட 25. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதாவது சுமார் மூணு மடங்கு. ஜாலின்னு நினைச்சது காத்து குறைஞ்சதால இல்ல, நாம காத்தோட ஓடினதால!

அலை வந்தா இன்னும் மோசம். அலை உச்சியில தண்ணியே படகு போற திசையில தான் ஓடும். அப்ப சுக்கான் மேல பாயற தண்ணி குறைஞ்சு பிடி விட்டுடும். படகு பக்கவாட்டுல திரும்பும், அடுத்த அலை படுக்க வைக்கும். இதுக்குத் தான் பாயை முன்னாடியே சுருக்கணும், உடம்பைப் பின்னாடி தள்ளி உக்காரணும், நேர் பின்காத்துல போகாம கொஞ்சம் சாய்ச்சுப் போகணும். பாயைப் பக்கம் மாத்தியே ஆகணும்னா படகு அலையில சறுக்கி வேகமா போகும்போது மாத்தணும். அப்ப தான் பாய் மேல பாரம் கம்மி.

அதுவும் முடியலையா? காத்தைப் பாத்துத் திரும்பி, ஒரு முழு சுத்து சுத்தி வரலாம். பாதுகாப்பான வழி. ஆனா இதுக்குப் பேரு 'சிக்கன் ஜைப்'. கோழைத் திருப்பமாம்! செஞ்சா கரையில நின்னு சிரிக்கறாங்க. அன்னிக்கு நான் சுத்தி வராததுக்குக் காரணமே அந்தச் சிரிப்பு தான். என் வெக்கத்துக்கு நண்பன் தலையில தையல்.

"பெரிய ஆளுங்க வேகத்தைக் குறைக்க மாட்டாங்க"ன்னு ஒரு வாதம் வரும். 1968-69ல உலகத்தைத் தனியா நிக்காம சுத்தின முதல் ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். படகு நம்ம பம்பாய்ல கட்டின 'சுஹைலி'. தென்கடல் புயல்ல அவர் நீளமான கயிறை வளைச்சுப் பின்னால இழுக்கவிட்டு வேகத்தைக் குறைச்சார். கிளம்பின ஒன்பது பேர்ல அவர் ஒருத்தர் தான் போட்டியை முடிச்சார். கயிறை அறுத்துட்டு வேகமா ஓடின முவாட்டெஸியேவும் இருக்கார், மறுக்கல. வேகம் இருந்தா தான் சுக்கான் கேக்கும்ங்கறதும் நிஜம். ஆனா அவர் அலையைப் பாத்து முடிவு பண்ணினார், கரையில நிக்கற ஆளைப் பாத்து இல்ல.

திறமை போதும்ங்கறவங்க அபிலாஷ் டோமியை நினைச்சுக்குங்க. 2013லயே தனியா நிக்காம உலகம் சுத்தி முடிச்ச முதல் இந்தியர். 2018 செப்டம்பர்ல 70 நாட் காத்து, 14 மீட்டர் அலை. படகு உருண்டு, பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்புல அடி. நம்ம ஸ்டேஷன்ல ரயில் ஏறினா போய் இறங்கற அரக்கோணம் கடற்படைத் தளத்தோட பி-8ஐ ரக விமானம் மொரீஷியஸ்ல இருந்து பறந்து தேடிச்சு. பிரெஞ்சுக் கப்பல் ஒண்ணு காப்பாத்துச்சு. அவருக்கே அந்தக் கதின்னா ஞாயித்துக்கிழமை மாலுமிங்க நாம எம்மாத்திரம்? அவர் திரும்பப் போய் 2023ல அதே போட்டியில ரெண்டாவதா வந்தார். அது வீரம். பாயைச் சுருக்காம இருக்கறது வெறும் திமிர்.

சிரிக்கறவங்க சிரிக்கட்டும். வர்ற ஞாயிறு நான் சுத்திட்டுத் தான் வருவேன் :)