பேய்ப்படங்கள் யாருக்கு அஞ்சச் சொல்கின்றன?

பேய்ப்படங்களைப் பற்றி எம்மிடையே இன்று நடைபெறும் பேச்சுக்களை அவதானித்தால் ஓர் உண்மை புலனாகும். வகுப்பறைக்கு வெளியே மாணவரும், ஓய்வறையில் எமது சக ஆசிரியரும், படமாளிகையிலோ கையடக்கத் தொலைபேசியிலோ தாம் அண்மையிற் கண்ட படத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகின்றனர். “பயமாக இருந்ததா?” என்று ஒருவர் கேட்பார். “இரண்டு மூன்று இடத்தில் திடுக்கிட்டேன்; மற்றும்படி சிரிப்புத்தான்” என்று மற்றவர் விடை கூறுவார். அத்துடன் விமர்சனம் முடிந்துவிடும். எதற்கு அஞ்சினோம், எவரைப் பார்த்துச் சிரித்தோம் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. நோய்க்கு மருந்து கேட்கப் போனவன் மருந்தின் இனிப்பை மட்டும் விசாரித்துத் திரும்பிய கதையாக இது முடிகிறது.

முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிற் சிலர் இவ்விடயத்திற் கைக்கொள்ளும் போக்கும் எமக்கு உடன்பாடானதன்று. “பேய் என்பது மூடநம்பிக்கை, அதைப் பற்றிய படத்தில் ஆராய என்ன இருக்கிறது?” என்று அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். பேய் இல்லை என்பது நாம் அறிந்ததே. இல்லாத ஒன்றுக்கு இலட்சோப இலட்சம் மக்கள் பணம் கொடுத்து அஞ்சுகின்றனர் என்றால், அவ்வச்சத்தின் வேர் எங்கே என்று தேடுவதல்லவா சமூக விஞ்ஞானம்? மூலதனம் தொழிலாளியின் உழைப்பை உறிஞ்சி வாழும் விதத்தை விளக்குவதற்கு, 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் இரத்தங் குடிக்கும் பிசாசின் உருவகத்தைக் கார்ல் மார்க்ஸ் கையாண்டார். அவர் பிசாசை நம்பியவரல்லர். மக்களின் அச்சத்தை அதற்குரிய இடத்திற் கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்தவர். அந்த வேலையையே நாம் பேய்ப்படங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

தமிழிற் பேய்க்கதை நேற்று முளைத்ததன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிற் பசியால் வாடிய பேய்கள், போர்க்களத்திற் கிடக்கும் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்டு, வென்ற குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. அச்சமும் நகைச்சுவையும் கலந்த அந்தக் காட்சியிற் செத்தவன் கலிங்கத்துப் படைவீரன். வாழ்த்துப் பெறுபவனோ அவனைக் கொல்வித்த மன்னன். கவிச்சுவையில் நாம் குறை காணவில்லை. பேயின் சிரிப்பு வென்றவனுக்குத் தொண்டு செய்வது பழைய பழக்கம் என்பதையே சுட்டுகிறோம். பழையனூர் நீலியின் கதையோ இன்னும் கொடியது. கணவனாற் கொல்லப்பட்டவள் பேயுருக் கொண்டு, மறுபிறவி எடுத்து வந்த அவனைப் பின்தொடர்ந்து, ஊரவர் முன்னிலையில் அழுது முறையிட்டுப் பழி தீர்க்கிறாள். அவளை நம்பி அவனை அவளோடு அனுப்பிய வேளாளர் எழுபதின்மர், அவனுக்காகத் தாம் கொடுத்த வாக்கின்படி தீப்பாய்ந்து உயிர் துறந்தனர் என்பது கதை. சொல் தவறாதவர் என்ற புகழ் அவர்களுக்குக் கிடைத்தது. நீலிக்குக் கிடைத்ததென்ன? கொலையுண்ட பெண்ணின் அழுகை, பொய்யழுகைக்கு மறுபெயராகி, ‘நீலிக் கண்ணீர்’ என்று இன்றளவும் எமது நாவில் வழங்குகிறது.

இந்த மரபுதான் இன்றைய வெள்ளித்திரையிலும் தொடர்கிறது. 1993 இல் பாசிலின் இயக்கத்தில் ‘மணிச்சித்ரதாழு’ என்ற மலையாளப் படம் வெளிவந்தது. ஒரு பெரு மாளிகையின் தலைவன் நடனமாது ஒருத்தியைக் கவர்ந்து வந்து கொன்றான். பிற்காலத்தில் அம்மாளிகைக்கு வாழவந்த பெண்ணொருத்தி மனநோயால் தன்னையே அந்த நடனமாதாக எண்ணிக்கொள்கிறாள். இக்கதை பல மொழிகளுக்குப் போயிற்று. மலையாளப் படத்தில் அந்த நடனமாது தஞ்சாவூர்த் தமிழ்ப்பெண். 2005 இல் பி. வாசு தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’யில் அவள் தெலுங்குப் பெண். 2007 இல் வந்த இந்திப் படமான ‘பூல் புலையா’வில் அவள் வங்காளி. மொழிதோறும் மாளிகை எமதாகிறது. பேய் மட்டும் அயலாளாகிறது! அஞ்சப்படுபவள் எப்பொழுதும் பக்கத்து நாட்டுக்காரியே. 2024 இல் வெளிவந்த ‘அரண்மனை’யின் நான்காம் பாகத்திலும் தீய ஆவி அசாமிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டதே.

‘சந்திரமுகி’ பேயை மறுத்து மனநோயைப் பேசியது முன்னேற்றம் அல்லவா என்று கேட்கலாம். அந்த அளவில் அதனை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் படம் மக்கள் மனத்தில் எதை விட்டுச்சென்றது? காதலனின் தலையைக் கொய்து, அவளை உயிரோடு எரித்த வேட்டையன் என்னும் மன்னனின் வேடத்தையும் கதாநாயகனான ரஜினிகாந்தே ஏற்றார். அக்கொலைகாரன் எழுப்பும் ‘லக லக’ என்ற ஒலியைச் சிறுவரும் சொல்லி மகிழ்ந்தனர். எரிக்கப்பட்டவளின் பெயர் படத்துக்குச் சூட்டப்பட்டது. கைதட்டல் எரித்தவனுக்குப் போயிற்று. இறுதியில் நோயாளியைக் குணப்படுத்த மேற்கொள்ளப்படும் உபாயம் யாது? பழிவாங்க வந்தவளின் முன் ஒரு பொம்மையை வைத்து, அதுதான் மன்னன் என நம்பச்செய்து எரிக்க விடுகின்றனர். அவளும் அமைதியடைந்து நீங்குகிறாள். உண்மைக்குப் பதில் ஆணைக்குழுவும், ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பதில் மற்றோர் ஆணைக்குழுவும் பெற்றுப் பழகிய எமது நாட்டவருக்கு இந்தப் பொம்மை வைத்தியம் புதியதன்று.

சுந்தர் சி. இயக்கிய ‘அரண்மனை’ வரிசை 2014 இலிருந்து 2024 வரை நான்கு பாகங்களாக வெளிவந்துள்ளது. 2016 இல் வந்த இரண்டாம் பாகத்திற் பேயாக வருபவள், சாதி மீறி மணந்தமைக்காகச் சொந்தக் குடும்பத்தாராலேயே கொல்லப்பட்டவள். தமிழகத்தில் ஆணவக் கொலைகள் நாளேடுகளில் இடம்பெறும் காலத்தில் இதைக் காட்டிலும் கனமான பொருள் வேறென்ன உண்டு? ஆனால் படம் செய்வது என்ன? சாதியின் கொடுமையைச் சில நிமிட முன்கதையாகச் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரத்தைக் கூச்சலுக்கும் விகடத்துக்கும் கவர்ச்சிக்கும் கொடுத்து, முடிவில் அம்மனின் அருளை நாடிப் போகிறது. சாதி என்னும் நோய்க்கு மந்திரம் என்னும் மருந்து! கொலையுண்டவள் அடக்கப்பட வேண்டியவளாகவும், கொன்ற குடும்பத்தின் மாளிகை காக்கப்பட வேண்டியதாகவும் ஆகிவிடுகின்றன. இதனைப் பார்த்துவிட்டு “நேரம் போனதே தெரியவில்லை” என்று கூறுபவர், நேரத்தோடு வேறு எதுவும் போயிற்றா என்று சிந்திக்க வேண்டும்.

ராகவா லாரன்ஸ் எடுத்த ‘காஞ்சனா’வை (2011) இவற்றோடு முற்றாகச் சேர்த்துவிடுவது நியாயமாகாது. அதிற் பேயாக வருபவர் ஒரு திருநங்கை. ஏழைகளுக்கு வைத்தியசாலை அமைக்க வாங்கிய நிலத்துக்காக அரசியல்வாதி ஒருவனாற் கொல்லப்பட்டவர். கொன்றவன் யாரென்று படம் ஒளிக்கவில்லை. கதாநாயகன் அந்த ஆவிக்குத் தன் உடலையே மனமுவந்து கொடுத்து நீதி கேட்க வைக்கிறான். இத்துணிவைப் பாராட்டுகிறோம். ஆயினும் அந்த வரலாறு சொல்லப்படுவதற்கு முன்னர், சேலையும் வளையலும் அணிந்து நடக்கும் ஆணைக் காட்டி அரங்கத்தைச் சிரிக்க வைத்த அதே படம், பின்னர் அவருக்காக அழச் சொல்கிறது. நெருப்பு மூட்டியவனே தண்ணீரும் விற்கும் வியாபாரம் இது.

“மக்கள் இதைத்தானே விரும்புகிறார்கள்?” என்பது வியாபாரிகளின் வழக்கமான வாதம். ஒரே வீட்டுக்குள் எடுத்து முடிக்கக்கூடிய படம் செலவைக் குறைக்கும் என்பதும், ஒன்று வென்றால் அதன் அச்சிற் பத்து வார்க்கலாம் என்பதுமே அவர்களின் கலைக் கொள்கை. மக்களின் இரசனை மீது பழிபோடுவது அதற்குத் திரை. 2024 இல் மலையாளத்தில் ராகுல் சதாசிவன் இயக்கிய ‘பிரமயுகம்’, வண்ணமே இன்றிக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டும் மக்களாற் கொண்டாடப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் உயிர் தப்பி ஓடி, பாழடைந்த ஒரு மனையை அடைகிறான். மம்முட்டி நடித்த போற்றி அவனுக்கு உணவு தருகிறார், உபசரிக்கிறார், தாயமாட அழைக்கிறார். தோற்றவன் பணயமாகக் கொடுப்பது தன் காலத்தையே. அதன்பின் அவனால் வெளியேற முடியாது. கடனுக்கும் கஞ்சிக்கும் ஆயுளை எழுதிக்கொடுத்த கொத்தடிமையின் வாழ்வை விளக்க இதைவிட எளிய உவமை வேண்டுமா? அம்மனையில் அதிகாரம் கைமாறுகிறது, ஆனால் அழிவதில்லை. இறுதியிற் போர்த்துக்கேயப் படைவீரர் தோன்றும்போது, 1619 இல் அதே பறங்கியரிடம் அரசிழந்த யாழ்ப்பாணத்தின் வாசகனுக்கு அந்த அச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று எவரும் விளக்கத் தேவையில்லை.

வேறு சான்றுகளும் உள. ராகி அனில் பர்வேயின் ‘தும்பாட்’ (2018), பொற்காசுக்காக மீண்டும் மீண்டும் பாதாளத்தில் இறங்கி, தன் மகனையும் அத்தொழிலுக்குப் பழக்கும் ஒருவனின் கதை. அங்கே பேய் என்பது பேராசையே. அமெரிக்காவில் ஜோர்ஜ் ரொமேரோ 1968 இல் எடுத்த நடைபிணங்களின் படத்தில், இரவு முழுவதும் பிணங்களிடமிருந்து தப்பிய கறுப்பின இளைஞன், விடிந்ததும் உயிருள்ள வெள்ளையரின் துப்பாக்கிக்கு இரையாகிறான். 2017 இல் ஜோர்டன் பீல் எடுத்த ‘கெட் அவுட்’ படத்தில், முற்போக்குப் பேசும் வெள்ளையரின் விருந்தில் கறுப்பனின் உடல் ஏலம் போகிறது. இவை எல்லாம் மக்கள் பார்த்த படங்களே. இவற்றில் ஒன்றேனும் நாம் அஞ்ச வேண்டியவரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

தமிழிலும் இது முடியாததன்று. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) அதற்குச் சான்று. விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற முயன்ற இளைஞனின் வீட்டில் வந்து தங்குகிறது. ராதாரவி நடித்த தந்தை அந்த ஆவியைக் கண்டு ஓடவில்லை. மந்திரவாதியை அழைக்கவில்லை. மகளைப் பார்த்து வீட்டுக்கு வரும்படி மன்றாடுகிறார். பேய் என்று ஊர் அஞ்சுவது ஒரு தகப்பனுக்குப் பிள்ளை.

இந்தக் காட்சியை எமது மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். செம்மணியிற் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று, கொலைக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரன் ஒருவன் 1998 இல் நீதிமன்றத்திலேயே கூறினான். 1999 இல் நடந்த அகழ்விற் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பின்னர் நீண்ட மௌனம். 2025 இல் அதற்கு அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றிடையே ஒரு குழந்தையின் எச்சமும் பள்ளிப் பையும் இருந்தன. மன்னாரில் 2018 இல் வெளிப்படத் தொடங்கிய புதைகுழியில் 300 க்கு மேற்பட்டவை. தெற்கிலும் மாத்தளை வைத்தியசாலை வளவில் 2012 இல் வெளிப்படத் தொடங்கிய புதைகுழியில் 150 க்கு மேற்பட்டவை. எலும்புகளுக்கு மொழி இல்லை. சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர். காணாமற்போனோருக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016 இல் நிறைவேறியது. 2017 இன் தொடக்கத்திற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்திற் பந்தலிட்டு அமர்ந்தனர். பிள்ளையின் விதி அறியாமலே அவர்களிற் பலர் இறந்தும் போயினர்.

இத்தகைய தாய் ஒருத்தியிடம் போய்ப் பேய்க்கு அஞ்சுவாயா என்று கேட்டால் அவள் என்ன கூறுவாள்? பிள்ளை பேயாகவேனும் படியேறி வரட்டும் என்றல்லவா ஏங்குவாள்! அவள் அஞ்சியது நள்ளிரவில் வந்து நின்ற வாகனத்துக்கு. பெயர் கேட்டுக் கதவைத் தட்டிய கைக்கு. இந்நாட்டிலே, இறந்தவர் திரும்பி வந்து நீதி கேட்பதைத் தொல்லையாகவும், அவர்களை அடக்கி அனுப்புவதை நல்ல முடிவாகவும் காட்டும் படம் வெறும் பொழுதுபோக்கு ஆகாது. “பழையதைத் தோண்டாதீர்கள்” என்று அதிகாரத்திலிருப்போர் கூறுவதையே அது வண்ணத்திலும் இசையிலும் எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இதுவே. பேய்ப்படம் பாருங்கள், தடைசெய்யக் கோருவது எமது வேலையன்று. ஆனால் “பயமாக இருந்ததா?” என்பதோடு பேச்சை நிறுத்தாதீர்கள். செத்தவர் யார், கொன்றவர் யார், படம் முடியும்போது வீடும் நிலமும் எவர் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். மாணவர் மன்றங்களிற் படத்துக்குப் புள்ளி வழங்குவதை விட்டு இக்கேள்விகளை விவாதியுங்கள். எமது இளம் படைப்பாளிகள் குறும்படம் எடுக்கிறார்கள். அவர்கள் சென்னையின் அரண்மனைகளைப் பிரதி செய்ய வேண்டியதில்லை. எமது மண்ணில் அழுது முறையிடும் நீலிகள் பலர் உளர். அவர்களின் கண்ணீரைப் பொய் என்று கூறாத ஒரு படம் எமக்கு வேண்டும்.