தப்பிப் பிழைத்த பிள்ளைகள் எழுதிய கதை

மீஞ்சூரில் நின்று புறப்படும் மின்சார ரெயில், பொன்னேரி தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. அந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதற்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் அங்கே வசிக்கிறார்கள். தாயின் இடுப்பில் குழந்தையாக வந்தவர்கள் இன்று தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அவர்கள் பட்ட பாடு என்ன? பக்கத்து ஊரில் இருக்கும் நமக்கே சரியாகத் தெரியாது!

யுத்தத்தில் தப்பிய பிள்ளைகள் பலர் தங்கள் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சிறுமியின் டைரி

போஸ்னியா நாட்டில் சரயேவோ என்று ஒரு நகரம். அங்கே ஸ்லாடா என்ற சிறுமி 1991-ம் ஆண்டு டைரி எழுதத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது 10. பள்ளிக்கூடம், தோழிகள், பிறந்த நாள் என்றுதான் முதலில் எழுதினாள். 1992-ல் யுத்தம் வந்தது. தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. குண்டு விழும்போது நிலவறையில் பதுங்கினார்கள். விளையாடப் போன தோழி ஒருத்தி குண்டு பட்டு இறந்தாள். எல்லாவற்றையும் அன்றன்றே எழுதினாள். 1993-ல் டைரி அச்சில் வந்தது.

துப்பாக்கி ஏந்திய சிறுவன்

ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டுச் சிறுவன் இஸ்மாயில் பியா. யுத்தத்தில் பெற்றோரையும் சகோதரர்களையும் இழந்தான். அரசாங்கப் பட்டாளமே அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. போதை மருந்தும் கொடுத்தது. அவன் பல பேரைக் கொன்றான். 1996-ல் ஐ.நா. குழந்தைகள் நிதியம் அவனை மீட்டது. 2007-ல் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே, "ஆண்டுக் கணக்கு பொருந்தவில்லை" என்று ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகை எழுதியது. "நான் எழுதியது உண்மையே" என்று அவர் மறுத்தார்.

தமிழ்ப் பெண்

மூன்றாவது புத்தகம் தமிழிலேயே எழுதப்பட்டது. கிளிநொச்சி பக்கம் பரந்தனில் பிறந்தவர் தமிழினி. 1991-ல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தபோது அவருக்கு 20 வயது நிரம்பவில்லை. பிறகு மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைவி ஆனார். யுத்தம் முடிந்து சிறையில் இருந்தார். 2015-ல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய "ஒரு கூர்வாளின் நிழலில்" 2016-ல் வெளிவந்தது. தன் இயக்கத்தின் தவறுகளையும் அதில் எழுதியிருந்தார். அதைப் பாராட்டியவர்களும் உண்டு, கோபித்தவர்களும் உண்டு.

எது உயர்ந்தது?

பரீட்சைத் தாள் திருத்துவது போல இவற்றுக்கு மார்க்குப் போடக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்லாடா அன்றன்றே எழுதினாள். ஆகவே தேதி தவறாது. ஆனால் நிலவறைக்குள் இருந்த சிறுமிக்கு வெளியே நடந்தது தெரியாது. பியா பல ஆண்டு கழித்து எழுதினார். தேதி பிசகலாம். ஆனால் துப்பாக்கி பிடித்த பிள்ளையின் மனம் எப்படிக் கெட்டது, எப்படித் திரும்பியது என்பதை அவரைப் போன்றவர்தான் சொல்ல முடியும். தமிழினி, வயது வந்தபின் திரும்பிப் பார்த்துத் தன் பக்கத்தையே கேள்வி கேட்டார்.

தேதியைச் சரிபார்ப்பது நியாயம். பொய் இருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு தேதி பிசகியதற்காகச் சாட்சியையே துரத்திவிடலாமா? ஒருவர் சொன்னதில் உள்ள குறையை இன்னொருவர் சொன்னது நிரப்பும். ஆகவே ஒரு புத்தகம் போதாது, பல வேண்டும்.

துப்பாக்கி பிடித்தவர் எழுதினார். தலைவியாக இருந்தவர் எழுதினார். படகில் தாய் மடியில் நடுங்கிக்கொண்டு வந்த குழந்தையின் கதை எங்கே?

அது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு தாயின் நெஞ்சுக்குள் இருக்கிறது. அவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர் போய்விட்டால் கதையும் போய்விடும்.

முகாமில் படிக்கும் தம்பி, தங்கைகளே! ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று இரவு சாப்பாடு ஆனதும் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் அழுதால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் கேளுங்கள். அவர் சொல்லுகிறபடியே எழுதுங்கள்.

ஸ்லாடாவிடமும் முதலில் இருந்தது ஒரு நோட்டுதான்!