சிறுசேமிப்புக் கணக்கில் ஆதார்

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, தொடர் வைப்பு, பிபிஎஃப், தேசியச் சேமிப்புப் பத்திரம், கிசான் விகாஸ் பத்திரம், செல்வமகள், மூத்த குடிமக்கள் திட்டம் என அரசின் உத்தரவாதத்தில் நடக்கும் சிறுசேமிப்புகள் அனைத்துக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் ஆதார் எண் கட்டாயம். 2018-ஆம் ஆண்டின் அரசு சேமிப்பு ஊக்குவிப்புப் பொது விதிகளைத் திருத்தி, நிதி அமைச்சகம் அதற்கு முந்தைய நாள் வெளியிட்ட அறிவிக்கை இதைக் கொண்டுவந்தது. எண் இன்னும் கைக்கு வராதவர் ஆதார் பதிவுச் சீட்டைக் காட்டிக் கணக்கு தொடங்கலாம். ஆறு மாதத்துக்குள் எண்ணைத் தந்துவிட வேண்டும். பழைய கணக்குதாரர்களுக்கு 2023 செப்டம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. தவறியவரின் கணக்கு, எண்ணைத் தரும் வரை செயல்படாது. பான் எண்ணுக்கு வேறு அளவுகோல்: இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரு நிதியாண்டின் வரவு 1 லட்சத்தைத் தாண்டினாலோ, ஒரு மாதத்தில் எடுத்ததும் மாற்றியதும் 10,000 ரூபாயைத் தாண்டினாலோ இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1988-இல் அறிமுகமான கிசான் விகாஸ் பத்திரம் எளிதில் கைமாறக்கூடியதாக இருந்ததால், கணக்கில் வராத பணம் பதுங்கும் இடமாகிவிடும் என்று சிறுசேமிப்பை ஆராய்ந்த சியாமளா கோபிநாத் குழு எச்சரித்தது. 2011-இல் அது நிறுத்தப்பட்டு, 2014 நவம்பரில் அடையாளச் சோதனையுடன் திரும்ப வந்தது. 2017 அக்டோபரில் அஞ்சலக வைப்புகள், பிபிஎஃப், தேசியச் சேமிப்புப் பத்திரம், கிசான் விகாஸ் பத்திரம் ஆகிய நான்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கிய அறிவிக்கைகள் அதே ஆண்டு டிசம்பர் 31-ஐக் கெடுவாக வைத்தன. கெடு நீண்டது, 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பு வரும் வரை கெடு இல்லை என்றது. செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு, வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்கச் சொன்ன பணமோசடித் தடுப்பு விதியை, நோக்கத்துக்கு மிஞ்சிய தலையீடு என்று ரத்து செய்தது.

அப்படியானால் வங்கியில் கேட்கக் கூடாத எண்ணை அஞ்சலகத்தில் எப்படிக் கட்டாயமாகக் கேட்கலாம்? கவுன்ட்டரில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பதில் அவ்வளவு எளிதல்ல. அன்றைய தீர்ப்பு ஏற்றுக்கொண்ட ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து செலவாகும் மானியம், உதவி, சேவைகளைப் பற்றியது. சிறுசேமிப்பில் சேரும் பணமோ 1999 ஏப்ரல் 1 முதல் தேசியச் சிறுசேமிப்பு நிதியில், அதாவது அரசின் பொதுக் கணக்கில் வைக்கப்படுகிறது. அது மக்கள் போட்ட பணம். அரசு கொடுத்த சலுகை அல்ல. ஆகவே இன்றைய நிபந்தனையை ஆதார் சட்டத்தைவிட சேமிப்புச் சட்டத்தின் விதிகளே தாங்கி நிற்கின்றன. அந்த விதி கேட்பதும் எண்ணை மட்டுமே. கைரேகையோ ஓடிபியோ வைத்துச் சரிபார்ப்பது வேறு. எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, விரல் பதியாத முதியவரைத் திருப்பி அனுப்பும் அலுவலர், விதியில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்.

அந்தமானில், விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைன் போன்ற பகுதிகளில், சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. பழைய பாஸ்புக்கில் ‘கே. முருகேசன்’ என்று இருக்கும். ஆதாரில் வெறும் ‘முருகேசன்’ இருக்கும். பான் அட்டையில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் அப்பா பெயரும் சேர்ந்து ‘முருகேசன் கருப்பையா’ ஆகியிருக்கும். ஆள் ஒருவர்தான், கணினிக்கு மூவர். பான்-ஆதார் இணைப்பே இதில் தடுக்கிவிழுகிறது. 2023 ஜூன் 30-க்குள் இணைக்காத பான் செயலிழந்ததால், ஒரு முன்னெழுத்துக்காக இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று முடக்கிய நிலை பலருக்கு வந்தது.

திருத்தப் போகும்போது எந்த ஆவணத்தைத் திருத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆதாரில் பெயரை இரண்டு முறை மட்டுமே மாற்றலாம். பிறந்த தேதியை ஒரு முறை. பாஸ்புக் பெயரைக் கேஒய்சி திருத்தப் படிவம் ஒன்றில் சரிசெய்துவிடலாம். அதை விட்டுவிட்டுக் கணக்குதாரரை ஆதார் மையத்துக்கு விரட்டுவது, அவருக்கு வாழ்நாளில் உள்ள இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை வீணாக்குவது. லம்பா லைன்காரருக்கு அது ஒரு பஸ் பயணம். கேம்ப்பெல் விரிகுடாவில் இருப்பவர் தீவுகளின் தலைநகருக்கு வந்துதான் தீர்க்க வேண்டிய காரியம் என்றால் கப்பல் டிக்கெட்டுக்குக் காத்திருந்து, ஒரு நாளுக்கு மேல் கடலில் கழிக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு வெளித்தீவுகளிலும் இணைய வேலை நடக்கிறது என்றாலும், பெயர்த் திருத்தத்துக்கு ஆதாரம் தேடும் அலைச்சலைக் கேபிள் குறைக்கவில்லை.

பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். பதிவின்போது சான்று காட்டாமல் வாயால் சொன்ன தேதியும், குத்துமதிப்பாகப் போட்ட வயதும் ஆதாரில் உண்டு. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 60 வயது என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல. பிறந்த தேதிக்கு ஆதார் உகந்த சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் கூறியுள்ளது. பள்ளிச் சான்றிதழோ ஓய்வூதிய ஆணையோ இருந்தால் அதைக் கேட்பது நல்லது.

எண்ணைப் பதியும்போது நேரும் பிழை வேறு வகை. ஆதாரின் 12-ஆவது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சோதனை இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கணவர் எண்ணை மனைவி கணக்கில் ஏற்றினால் காட்டாது, அதுவும் சரியான எண் என்பதால். ஒரே வீட்டின் நாலைந்து படிவங்களை ஒரே மூச்சில் நிரப்பும் சிறுசேமிப்பு முகவர்களிடம் இந்தப் பிழை எளிதில் நேரும். எண்ணோடு பெயரையும் ஒத்துப் பார்ப்பதே இதற்கு வழி.

இணைப்பினால் துறைக்குக் கிடைக்கும் உண்மையான பயன், ஒருவரின் எல்லாக் கணக்குகளும் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வருவது. ஒருவருக்கு ஒரே பிபிஎஃப் என்ற விதி நெடுங்காலமாக இருந்தும், வங்கியில் ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று வைத்திருந்தவர்கள் உண்டு. விதிக்குப் புறம்பான கணக்குகளை ஒழுங்குபடுத்த 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தந்த வழிகாட்டுதல் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது: இரண்டாவது பிபிஎஃப் கணக்கின் தொகை, ஆண்டு வரம்புக்கு உட்பட்டு முதன்மைக் கணக்கோடு சேரும், மூன்றாவதற்கு, தொடங்கிய நாளிலிருந்தே வட்டி கிடையாது. தாத்தா பாட்டி தொடங்கிய செல்வமகள் கணக்குகளைப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயருக்கு மாற்ற வேண்டும். பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலும் வாழும் தீவுக் குடும்பங்களில் இத்தகைய கணக்குகள் இருக்க வாய்ப்பு அதிகம். முதிர்வு நாள் வரை காத்திராமல் இப்போதே கண்டறிந்து மாற்றிவிடலாம்.

விதியின் பலவீனமான பகுதி, கணக்கை முடக்கும் தண்டனை. படிவம் கொடுத்தும் அலுவலகத்தில் பதிவேறாமல் போன எண்ணுக்கும், கணக்குதாரர் கொடுக்கவே கொடுக்காத எண்ணுக்கும் கணினியில் வேறுபாடு தெரியாது; இரண்டிலும் முடங்குவது அவர் பணமே. கணக்கை முடக்குமுன் எழுத்துமூல முன்னறிவிப்பு, படிவம் பெற்றதற்குத் தேதியிட்ட ஒப்புகை, இரண்டையும் விதியிலேயே சேர்ப்பது நியாயம். அதுவரை, கேட்காவிட்டாலும் ஒப்புகை எழுதித் தரும் வழக்கத்தை ஒவ்வோர் அலுவலகமும் தானே தொடங்கலாம்.

மானியம் வரும் இணைப்பையும் இதையும் குழப்பிக்கொள்வதும் பரவலாக இருக்கிறது. அஞ்சலகத்தில் ஆதார் கொடுத்ததால் மட்டும் எரிவாயு மானியமோ உதவித்தொகையோ அந்தக் கணக்குக்கு வந்துவிடாது. அதற்கு தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் அந்தக் கணக்கு ஏற வேண்டும், அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

கடைசியாக, எண்ணின் பாதுகாப்பு. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியில் உறுப்பினரின் அடையாள அட்டை எண்ணே கணக்கு எண். அங்கும் 2024 டிசம்பரில் அரசு இணையதளம் ஒன்று முழு எண்களைக் காட்டியபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இங்கே படிவங்களில் முழு எண் எழுதப்பட்டிருந்தால் முதல் 8 இலக்கங்களைக் கறுப்பு மையால் மறைக்க வேண்டும் என்பது அஞ்சல் துறையின் அறிவுறுத்தல். புதுப் படிவங்களில் இதைச் செய்துவிடுகிறார்கள். 2023-இல் கெடுவுக்கு முன் அவசர அவசரமாக வாங்கிக் கட்டிவைத்த நகல் கட்டுகளையும் எடுத்து மறைத்தாக வேண்டும்.