உபயம்: அமெரிக்கா!

தாஜ்மஹாலைப் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். ஷூ தொழிலுக்குத் தோல் கொடுக்கும் விஷயமாக ஆக்ரா போய்வரும் ஆம்பூர், ராணிப்பேட்டை வியாபாரிகள் இருக்கிறார்கள். டெல்லிக்குப் போனதோடு ஆக்ராவையும் ஒரு நாளில் முடித்துக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தாஜின் பின்பக்கம் போய் நின்று, யமுனையின் அக்கரையில் பச்சையாகத் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அது ஒரு தோட்டம். மேஹ்தாப் பாக் என்று பெயர். நிலாத் தோட்டம் என்று பொருள். தாஜின் தோட்டத்துக்கு நேர் எதிரே, அதே அகலத்தில், ஏறக்குறைய 25 ஏக்கரில் சதுரமாக அமைந்தது. ஆற்றோரத்தில் எட்டுப் பட்டைக் குளம் ஒன்று. அதில் அக்கரைக் கட்டடத்தின் நிழல் விழும். ஆறு நடுவில் ஓட, இரு கரையும் சேர்ந்து ஒரே தோட்டம் என்பதுதான் ஷாஜஹானின் திட்டம்.

கப்ருக்கு மேல் கட்டடம் எழுப்புவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே தாஜைப் புகழ்ந்து எழுத நான் வரவில்லை. அது பற்றி நம் நிலை என்னவென்று வாசகர்களுக்குத் தெரியும். மேஹ்தாப் பாக் கப்ரு அல்ல. அது மண், மரம், தண்ணீர். மரம் நட்டவருக்கு, அதில் பறவையும் மனிதனும் கால்நடையும் தின்பதெல்லாம் தர்மமாக எழுதப்படும் என்று சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஆகவே தோட்டத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. கடமையும் உண்டு.

இந்தத் தோட்டத்தின் கதை வெள்ளத்தில் தொடங்குகிறது. 1652-இல் ஆக்ராவைப் பார்த்துவிட்டுத் தக்காணம் போன இளவரசர் ஔரங்கசீப், தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். மேஹ்தாப் பாக் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிப் பொலிவிழந்து கிடக்கிறது, குளமும் அதைச் சுற்றிய மண்டபமும் மட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அதில் தெரிவித்தார். பிறகு ஆட்சி சரிந்தது. 1761-இல் ஜாட்டுகள் ஆக்ராவைப் பிடித்தார்கள். 1803-இல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்தின் மேல் யமுனை மணலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. நிலாத் தோட்டம் மணல் மேடானது.

தோட்டம் மறைந்த இடத்தில் ஒரு கட்டுக்கதை முளைத்தது! ஷாஜஹான் தனக்கென்று அங்கே கறுப்பு தாஜ் கட்டத் தொடங்கினாராம். மகன் சிறையில் அடைத்ததால் அது நின்றுபோனதாம். தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி 17-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்ததை வழிகாட்டிகள் இன்றுவரை கூட்டியும் குறைத்தும் விற்கிறார்கள். 1990-களில் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கறுப்பு தாஜின் அஸ்திவாரம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது குளமும் தோட்டத்தின் மிச்சங்களும்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்தத் தோட்டத்தை மீட்டவர்கள் யார்?

மண்ணும் துறையும் இந்தியாவினுடையவை. ஆய்வில் கூட இருந்தவர்கள் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த ஆய்வை 2000-இல் நூலாகத் தொகுத்தவர் எலிசபெத் மொய்னிஹான் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1970-களில் இங்கே அமெரிக்கத் தூதராக இருந்தவரின் மனைவி. பிறகு 2010-களில், நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச்சின்ன நிதியம் தொல்லியல் துறையோடு சேர்ந்து மேஹ்தாப் பாக்கையும், அதே கரையில் இருக்கும் இத்மாதுத் தௌலாவின் தோட்டத்தையும் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலை இந்த நிதியம் 1996-இல் வெளியிடத் தொடங்கியபோது, முதல் புரவலராக நின்றது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். பயணிகளுக்கு டிராவலர்ஸ் செக் விற்றுப் பெரிய ஆளான கம்பெனி அது! பயணி வந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. பார்க்க ஏதாவது இருந்தால்தான் பயணி வருவான். கணக்கு அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "இதெல்லாம் அமெரிக்கச் சதி" என்பார் ஒருவர். "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்கு இருக்கும் அக்கறை நம்மவனுக்கு இல்லை" என்று உருகுவார் இன்னொருவர். இரண்டுமே சோம்பேறிகளின் பேச்சு. ஈராக்கிலும் ஃபலஸ்தீனத்திலும் அமெரிக்க அரசு செய்த அக்கிரமங்களை நாம் மறக்கவில்லை. அதற்காகச் செடி நட்டவனுக்கு நன்றி சொல்லக்கூடாதா? மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நன்றி சொல்வோம். ஆனால் கேள்வியும் கேட்போம். உபயதாரர் போன பிறகு தண்ணீர் ஊற்றுவது யார்?

நம் பள்ளிவாசல்களில் மின்விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையில் "இன்னார் உபயம்" என்று எழுதியிருக்கும். விசிறி வாங்கித் தர நூறு பேர் வருவார்கள். மாதாமாதம் கரண்ட் பில் கட்ட எத்தனை பேர் வருகிறார்கள் என்று முத்தவல்லியைக் கேளுங்கள். ஸ்பான்சர் என்பதும் இதே கதைதான். திட்டம் உண்டு, திறப்பு விழா உண்டு, பலகை உண்டு. பத்தாம் ஆண்டு கோடையில் வாடும் செடிக்கு அதில் இடம் கிடையாது. 2018-இல் செங்கோட்டையை ஐந்தாண்டுக்கு 25 கோடி ரூபாய் என்று டால்மியா பாரத் கம்பெனியிடம் பராமரிக்க ஒப்படைத்தார்களே, அதுவும் இந்த வகைதான்.

அந்தக் காலத்தில் இதற்கு என்ன ஏற்பாடு இருந்தது? வியாபாரச் சகோதரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

தாஜின் தெற்கே ஒரு கடைவீதியும் நான்கு சராய்களும் கட்டப்பட்டன. இன்று தாஜ்கஞ்ச் என்று நெரிசலோடு கிடக்கும் பகுதி அது. வெளியூர் வியாபாரிகள் வந்து தங்கவும் சரக்கு விற்கவும் அமைந்த இடம். அந்தக் கடைகளின், சராய்களின் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். அதோடு 30 கிராமங்களின் வருவாய் 1 லட்சம். இந்த 3 லட்சத்தையும் ஷாஜஹான் வக்ஃப் ஆக்கினார். பழுது பார்க்க, பணியாளர் சம்பளத்துக்கு, ஏழைகளுக்கு என்று அந்தப் பணம் போனது. அரசவை வரலாற்றாசிரியர் லாஹோரி இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். கணக்கைப் பாருங்கள்! கிராமங்கள் தந்ததைப் போல இரண்டு மடங்கைக் கடைவீதி தந்திருக்கிறது. உலகமே வியந்து பார்க்கும் அந்த இடத்தைப் பராமரித்ததில் பெரும்பங்கு துணிக்கடைக்காரனும் மசாலா வியாபாரியும் கொடுத்த வாடகை!

ஆட்சி போனதும் அந்த வாடகையும் அந்த தர்மமும் பிரிந்தன. அந்த இடைவெளியில்தான் அமெரிக்கன் வந்து நிற்கிறான்.

நாம் என்ன செய்தோம்? 2005-இல் உத்தரப் பிரதேச சன்னி வக்ஃப் வாரியம் தாஜ் தன்னுடையது என்று அறிவித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், ஷாஜஹான் கையெழுத்திட்ட பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றது. பத்திரம் இல்லை. 2025-இல் வந்த வக்ஃப் திருத்தச் சட்டமோ, பாதுகாக்கப்பட்ட சின்னங்களை வக்ஃப் என்று அறிவித்ததே செல்லாது என்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வீதியில் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடம் யாருக்கு என்று வழக்காடினோம். அந்தக் கடைவீதி செய்த வேலையை இனி யார் செய்வது என்று ஒரு கூட்டத்திலும் பேசவில்லை.

ஆட்சியாளர்களின் லட்சணமும் தெரிந்ததுதான். 2017-இல் உத்தரப் பிரதேச அரசு வெளியிட்ட சுற்றுலாக் கையேட்டில் தாஜ்மஹாலின் பெயரையே காணோம்! ஊர் சிரித்த பிறகு அதே அக்டோபரில் முதல்வர் ஆதித்யநாத் ஆக்ரா வந்து துடைப்பம் பிடித்துப் போஸ் கொடுத்தார். 2020-இல் ஆக்ராவின் முகலாய அருங்காட்சியகத்துக்குச் சிவாஜியின் பெயரை வைத்தார்கள். டிக்கெட் காசு மட்டும் முகலாயர் பெயரில் வந்தால் கசக்காது போலும்!

எந்த உபயதாரராலும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஆறு. சாக்கடையாகிப்போன யமுனையிலிருந்து பூச்சிகள் கிளம்பி, தாஜின் ஆற்றுப்பக்கச் சுவரில் பச்சைக் கறை படியவைத்த செய்தி 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கோடையில் ஓடை, மழையில் பெருவெள்ளம். 2023 ஜூலையில், 45 ஆண்டுகளுக்குப் பிறகு யமுனை தாஜின் மதிலைத் தொட்டது. அக்கரையில் புதுப்பித்த மேஹ்தாப் பாக்கில் தண்ணீர் புகுந்தது. ஔரங்கசீப் எழுதிய கடிதத்தை மறுபடி அனுப்பியிருக்கலாம்.

தோட்டத்தை ஒட்டி கச்புரா என்று ஒரு குக்கிராமம் இருக்கிறது. வீட்டிலிருந்தே ஷூ தைத்துப் பிழைக்கும் தலித் மக்கள் அதிகம். ஹுமாயூன் காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் அங்கே உண்டு. அந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வரும் பயணிகளை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போய், வரும் பணத்தில் ஊருக்கும் பங்கு சேரும்படி ஒரு தொண்டு நிறுவனம் செய்தது. அதற்கும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் கை கொடுத்தது. தோட்டத்தைக் காட்டிலும் இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலை இல்லை என்று அலையும் நம் இளைஞர்கள் யோசிக்கட்டும். நம் முன்னோர் கட்டியதைப் பற்றி வருகிறவனுக்கு நாலு உண்மை சொல்லக்கூட நாம் கற்றுக்கொள்ளவில்லை. கறுப்பு தாஜ் கதை அதனால்தான் இன்னும் விலை போகிறது.

உபயம் நிலைத்து நின்ற இடம் ஒன்றும் உண்டு. டெல்லியில் ஹுமாயூன் தோட்டத்தை 1997 முதல் 2003 வரை புதுப்பித்தது ஆகா கான் அறக்கட்டளை. (அவர்களோடு நமக்குள்ள கொள்கை வேறுபாடு வேறு விஷயம், அதை இங்கே கலக்க வேண்டாம்.) அதோடு மூட்டை கட்டிப் போய்விடவில்லை. பக்கத்துச் சுந்தர் நர்சரியை 90 ஏக்கர் பூங்காவாக்கி 2018-இல் திறந்தார்கள். இருபது ஆண்டு ஒரே இடத்தில் நின்றார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆக்ராவைச் சுற்றியுள்ள ஆலைகளின் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நீதிபதி குல்தீப் சிங்கின் அமர்வு இன்னொரு தீர்ப்பையும் தந்தது. அது பாலாற்றைப் பற்றியது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட உத்தரவு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. ஆக்ராவின் ஷூவுக்குத் தோல் எந்தக் கரையிலிருந்து போகிறது, அந்த ஆலைகளில் எத்தனை நம்மவர்களுடையவை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பாலாற்றங்கரையைப் பார்க்க எந்த அமெரிக்கப் பயணியும் வரமாட்டான். எந்த டிராவல் கம்பெனியும் அங்கே பலகை நடாது. நம்மிடம் இருப்பது வக்ஃப் கடைகள். நாடு முழுவதும் வக்ஃப் சொத்துகள் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் வருமானம் தர முடியும், ஆனால் வருவது 163 கோடிதான் என்று சச்சார் குழு 2006-இல் கணக்குச் சொன்னது. அரசியல்வாதியின் ஆக்கிரமிப்பு ஒரு பக்கம். தாத்தா காலத்து வாடகையில் ஜமாஅத் கடையில் உட்கார்ந்துகொண்டு, அதையே உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர் மறுபக்கம். அவர் யார்? வெளியூர்க்காரரா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் கடைகளின் வாடகையை இன்றைய விலைக்கு உயர்த்தட்டும். உயர்ந்த தொகையில் ஒரு பங்கை ஆற்றங்கரைக்கு என்று தனிக் கணக்கில் எழுதட்டும். ஆற்றோரம் உப்பேறிக் கிடக்கும் மண்ணில் புங்கன் நிற்கும், அதில் தொடங்கலாம். நடுவது ஒரு நாள் வேலை. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் சம்பளமும் வேண்டும். அதைத்தான் முதலில் கணக்கில் எழுத வேண்டும். "உபயம்" பலகை வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு லாரி தண்ணீர் கூடுதலாக வரும்.