விட்டுவிடுதலும் வாழவிடுதலும்

மீன்பிடித்தல் சிலருக்குத் தொழில்; சிலருக்கு விளையாட்டு. தொழிலாகக் கொண்டவர் தம் பசியையும் பிறர் பசியையும் ஆற்றுதற்காகக் கடல்மேற் செல்கின்றனர். விளையாட்டாகக் கொண்டவர்க்கோ மீன் பெரிதன்று. மீனோடு பொருதும் போராட்டமே பெரிது. வளையும் கோலும், சுழலும் உருளையும், விண்ணென்று இழுபடும் நரம்பும் அவர்க்கு இன்பம் தருவன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இவ்விளையாட்டிற்குச் சங்கங்கள் உண்டு; போட்டிகள் உண்டு; பரிசுகளும் உண்டு. 1939ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், எந்த இனத்தில் எத்துணைப் பெரிய மீனை யார் பிடித்தார் என்பதை ஏட்டில் எழுதி வைத்து வருகின்றது. அவ்வேட்டில் தம் பெயர் இடம்பெறுவதைப் பெரும்புகழாக அவ்விளையாட்டினர் கருதுகின்றனர்.

இவ்விளையாட்டில் பெருஞ்சுறாவுக்குத் தனி இடம் உண்டு. ஆயிரம் பவுண்டு எடையுள்ள ஓர் உயிர் மெல்லிய நரம்பின் நுனியில் அகப்பட்டுத் துடிக்கும்போது, அதனைக் கொன்று கரை சேர்ப்பதா, கடலிலேயே விட்டுவிடுவதா? இதுவே இங்கு ஆராயப் புகும் வினா. விட்டுவிடுவதே அறம் என்பது என் கருத்து. ஆயினும், ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்வதனால் மட்டும் அவ்வறம் நிறைவேறிவிடாது என்பதும் என் கருத்து. முன்னது எளிதில் விளங்கும். பின்னதற்கே விளக்கம் மிகுதியும் வேண்டும்.

முதலில் பழைய காலத்தைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கீழைக் கோடியில் மான்டாக் என்னும் மீன்பிடி ஊர் உளது. பிராங்க் மண்டஸ் என்பவர் 1951ஆம் ஆண்டு முதல் அங்கே படகு ஓட்டினார். சுறாவைப் பயனற்ற மீன் என்று பிறர் ஒதுக்கிய காலத்தில், ‘அரக்க வேட்டை’ என்று பெயரிட்டு விளம்பரம் செய்து, வாடிக்கையாளரைச் சுறா வேட்டைக்கு அவர் அழைத்துச் சென்றார். 1964ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,500 பவுண்டு என மதிப்பிடப்பட்ட வெண்சுறா ஒன்றை எறியீட்டியால் கொன்றார். 1974ஆம் ஆண்டில் பீட்டர் பெஞ்ச்லி எழுதிய ‘ஜாஸ்’ என்னும் நாவலில் வரும் சுறா வேட்டைக்காரர்க்கு முன்மாதிரி மண்டஸே எனப் பலரும் கூறுவர். அடுத்த ஆண்டில் அக்கதை திரைப்படமாயிற்று. படம் பார்த்தவர் பலர் சுறாவைக் கொல்லுதல் வீரம் என்றும், ஏன், ஊருக்குச் செய்யும் தொண்டு என்றுமே எண்ணத் தலைப்பட்டனர். வேடிக்கை என்னவென்றால், அக்கதையை எழுதிய பெஞ்ச்லி தம் பிற்காலத்தைச் சுறாக்களின் காப்புக்காகப் பேசுவதிலும் எழுதுவதிலும் செலவிட்டார். மண்டஸும் தம் முதுமையில், சுறாவுக்கு அடையாளச் சீட்டிட்டு உயிருடன் விடுமாறு பிறர்க்கு எடுத்துரைத்தார். வேட்டையின் இரு பெரும் விளம்பரக்காரரும் மனம் மாறினர். ஆனால் அவர்கள் மூட்டிய ஆசை அவர்களோடு மாறிவிடவில்லை.

அவ்வாசையின் விளைவை ஒரு நிகழ்ச்சியால் காட்டலாம். புளோரிடா மாநிலத்தின் மேற்குக் கரையில் போக்கா கிராண்டே என்னும் கடல்வாய் உளது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெரிய கொம்பன் சுறா ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. சுத்தியல் போன்ற தலையுடைய இவ்வினத்தை நம் கடற்கரை மக்களும் கொம்பன் சுறா என்றே கூறுவர். பல மணி நேரப் போராட்டத்திற்குப்பின் அது கரை சேர்க்கப்பட்டது. நிறுத்துப் பார்த்தபோது எடை 1,280 பவுண்டு. 1982ஆம் ஆண்டு முதல் நிலைத்திருந்த 991 பவுண்டு என்னும் பழைய சாதனை வீழ்ந்தது. பிடித்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. உடல் அருகிலிருந்த மோட் கடலாய்வுக்கூடத்திற்கு அளிக்கப்பட்டது. ஆய்வாளர் வயிற்றைத் திறந்து பார்த்தனர். உள்ளே 55 குட்டிகள் இருந்தன.

அந்த 55 என்னும் எண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிடித்தவர் சட்டத்தை மீறவில்லை. அந்நாளில் அம்மாநிலத்தில் கொம்பன் சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை இல்லை. அவர் மனத்தில் கொடுமையும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், அத்தாய் அத்துணை எடையுடன் இருந்தமைக்கு அவள் சுமந்த குட்டிகளும் ஒரு காரணம் அல்லவா? பெருஎடையைப் புகழாக்கும் விளையாட்டு, தன்னை அறியாமலே கருவுற்ற தாயைத் தேடிச் செல்கின்றது. சுறா இனங்கள் பலவற்றில் ஆணினும் பெண்ணே பெரிது. பெண்ணினுள்ளும் முதிர்ந்ததும் சூல்கொண்டதுமே மிகப் பெரிது. எனவே, ‘மிகப் பெரியது எது?’ என்று கேட்கும் நிறைகோல், ‘இனத்தைப் பெருக்கத் தக்க தாய் எது?’ என்று கேட்பதற்கு ஒப்பாகிவிடுகின்றது.

சுறாவை ஏனைய மீன்களோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் கூடாது. முட்டைகளை இலட்சக்கணக்கில் சொரியும் மீன்கள் பல. அவற்றுள் ஒன்று அழிந்தால் கடலுக்குப் பேரிழப்பு இல்லை. பெருஞ்சுறாக்களின் வாழ்க்கை வேறு. அவை மெல்ல வளர்வன. காலந்தாழ்த்துப் பருவம் எய்துவன. நெடுநாள் கருவைச் சுமந்து சில குட்டிகளையே ஈனுவன. மரத்தில் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோலச் சுறாவின் முதுகெலும்பில் உள்ள வளையங்களை எண்ணி, வட அட்லாண்டிக் கடலின் மேற்குப் பகுதியில் வாழும் வெண்சுறாக்களை ஆராய்ந்தனர். ஆண் ஏறத்தாழ 26 ஆண்டுகளிலும், பெண் ஏறத்தாழ 33 ஆண்டுகளிலுமே பருவம் எய்துகின்றன என 2015ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சி கூறுகின்றது. இப்பாடத்தைப் பயிலும் மாணவர் ஒருவர் பிறந்த நாளில் ஒரு பெண் வெண்சுறாவும் பிறந்திருப்பின், அம்மாணவர் கல்வி முடித்து, வேலையில் அமர்ந்து, தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலத்தில்தான் அது முதற்குட்டியை ஈனும். அவ்வளவு காலம் வளர்ந்ததை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

‘பெருங்கப்பல்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான சுறாக்களைக் கொல்லும்போது, கோலால் பிடிக்கும் ஒருவர் ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்பர். கப்பல்கள் செய்யும் அழிவு மிகப் பெரிது என்பது உண்மையே. ஆனால் அயலான் வீட்டில் தீப்பற்றியது என் வீட்டுக் கூரையில் நான் நெருப்பு வைப்பதற்கு நியாயம் ஆகுமா? மேலும், வயிற்றுப் பிழைப்புக்காகக் கொல்பவர் சொல்லத்தக்க காரணம் ஒன்று உண்டு. விளையாட்டுக்காகக் கொல்பவர்க்கு அதுவும் இல்லை. பெருஞ்சுறாவின் இறைச்சியிலோ பாதரசம் மிகுதி. கருவுற்ற பெண்டிர் அதனை உண்ணலாகாது என அமெரிக்க அரசே அறிவுறுத்துகின்றது. சிறிய சுறா ஒன்றைப் பிடித்து, உடனே கொன்று, வீட்டார் உண்ணக் கொண்டு செல்பவரை நான் குறைகூற மாட்டேன். துறையில் தொங்கவிட்டுப் படம் எடுத்தபின் குப்பைக்குப் போகும் பெருஞ்சுறாவைப் பற்றியே பேசுகின்றேன்.

‘பெருஞ்சுறாவைக் கொன்றால் கடலில் குளிப்போர்க்கு அச்சம் நீங்கும்’ என்பார் வேறு சிலர். இவ்வெண்ணம் ஹவாய்த் தீவுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1959 முதல் 1976 வரை அரசின் திட்டங்களால் அங்கே 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன. சுறா மக்களைத் தாக்கும் நிகழ்ச்சிகள் அதனால் குறைந்தன என்று காட்ட இயலவில்லை.

கொன்ற சுறாவினால் அறிவு வளர்ந்தது என்னும் வாதம் இவற்றினும் வலியது. போட்டித் துறைகளில் குவிந்த உடல்களை அறுத்துப் பார்த்தே விலங்கியலார் பல செய்திகளைக் கற்றனர், மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் உயிருள்ள சுறாவும் அறிவு தரும். அமெரிக்க அரசின் மீன்வளத்துறை 1962ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, தூண்டிற்காரர் தாம் பிடித்த சுறாவின் முதுகில் எண்ணிட்ட சீட்டு ஒன்றைச் செருகி விட்டுவிடுகின்றனர். பின்னர் வேறெங்கோ அதனைப் பிடிப்பவர் அவ்வெண்ணை எழுதி அனுப்புவர். இவ்வாறு இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட சுறாக்கள் சீட்டிடப்பட்டன. அவை கடந்த தொலைவும், வளர்ந்த அளவும் இதனால் தெரியவந்தன. செத்த சுறா தான் செத்த இடத்தை மட்டுமே சொல்லும்.

இனி, அரிய பகுதிக்கு வருவோம். விட்டுவிடுதல் எப்போதும் வாழவிடுதல் ஆகுமா? நெடுநேரம் இழுபட்ட சுறாவின் தசையில் லாக்டிக் அமிலம் மிகுந்து, குருதியின் தன்மையே மாறுகின்றது. பெருஞ்சுறாக்களுள் பல, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்வழி நீர் பாய்ந்து மூச்சுவிட இயலும். களைத்து நீந்தமாட்டாத சுறா நீரிலேயே மூச்சு முட்டி மடிகின்றது. கரையில் இழுத்துப் போட்டாலோ கேடு இன்னும் மிகுதி. அதன் உடலுக்குள் இருப்பது எலும்பன்று, குருத்தெலும்பு. நீர் தாங்கிய உடலைத் தரை தாங்காது. தன் பாரமே தன் உள்ளுறுப்புகளை நெரிக்கின்றது. அந்நிலையில் அதன்மேல் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு, பிறகு அலையில் தள்ளிவிட்டு, ‘உயிர்ப்பிச்சை அளித்தேன்’ என்பாரும் உளர். அது நீந்திச் சென்றதை மட்டும் கண்டார். சென்ற இடத்தில் என்னவாயிற்று என்பதைக் காணவில்லை.

எல்லா இனமும் ஒரே வகையாகத் துன்புறுவதில்லை என்பதும் அறியத்தக்கது. புளோரிடாவின் தென்கடலில் ஐந்து இனச் சுறாக்களை ஒப்பிட்டு ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புலிச்சுறா போராட்டத்தைப் பெரிதும் தாங்கியது. கொம்பன் சுறாவோ மிகக் கடுமையாகப் போராடி, மிகுந்த கேட்டையும் அடைந்தது. ஆதலின், ‘எல்லாவற்றையும் விட்டுவிடுக’ என்னும் ஒரே விதி புலிச்சுறாவுக்குக் காப்பு; கொம்பன் சுறாவுக்குப் பல வேளைகளில் வெறும் சொல்.

இதனை எண்ணியே, வேடிக்கைக்காகப் பிடித்து விடுவதும் கொடுமையே எனச் சிலர் வாதிடுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டுச் சட்டம், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன்பிடித்தலை விலக்குகின்றது. இக்கருத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. உண்ணவும் எண்ணாமல், ஓர் உயிரைத் துன்புறுத்தி இன்புறுவது ஏன் என்னும் கேள்விக்குத் தூண்டிற்காரர் விடை கூறியே ஆகவேண்டும். அவ்விளையாட்டையே அடியோடு நிறுத்துக என்று நான் கூறவில்லை. கடலைக் காக்கக் குரல் கொடுப்போருள் தூண்டிற்காரரும் பலர் உளர். ஆனால் விளையாட்டுக்காக ஓர் உயிரைப் பிடிப்பவர், உணவுக்காகப் பிடிப்பவரைவிட மிகுதியான பொறுப்பை மேற்கொள்ளுதல் வேண்டும். அப்பொறுப்பு சுறாவைப் படகருகே கொணர்ந்தபின் தொடங்குவது அன்று. இரையை நீரில் இடும் முன்னரே தொடங்குவது.

எவ்வாறு? மெல்லிய நரம்பால் பெருஞ்சுறாவைப் பிடிப்பது திறமை என்பர். அதனால் போராட்டம் மணிக்கணக்கில் நீள்கின்றது. வலிய கோலும் வலிய நரம்பும் கொண்டு விரைவில் முடிப்பதே நன்று. முனை உட்புறம் வளைந்த வட்ட முள், பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே தைக்கும். வயிற்றுக்குள் சென்று குடலைக் கிழிப்பது குறைவு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலில் விளையாட்டாகச் சுறா பிடிப்போர் பெரும்பாலான இடங்களில் வட்ட முள்ளையே பயன்படுத்தவேண்டும் என 2018ஆம் ஆண்டு முதல் விதி உளது. புளோரிடா மாநிலம் 2012ஆம் ஆண்டில் கொம்பன் சுறா, புலிச்சுறா ஆகியவற்றைக் கொல்வதைத் தன் கடற்பகுதியில் தடுத்தது. 2019ஆம் ஆண்டில் ஒருபடி மேற்சென்று, காக்கப்பட்ட சுறாவை நீரைவிட்டு வெளியே எடுக்கலாகாது, காலந்தாழ்த்தாமல் விடவேண்டும், நரம்பை அறுக்கும் கருவி கையில் இருத்தல் வேண்டும் என்று கரையில் நின்று பிடிப்போர்க்கும் விதித்தது. அதே மான்டாக் ஊரில் 2013ஆம் ஆண்டில், ஒரு சுறாவையும் கொல்லாது அனைத்தையும் விட்டுவிடும் போட்டி நடைபெற்றது. நிறைகோலின் ஆட்சியும் சிறிது தளர்ந்துளது. தரையில் நிறுத்த எடையையே ஏற்றுவந்த பன்னாட்டுச் சங்கம், நீளத்தை அளந்துவிட்டு உயிருடன் விடும் முறைக்கும் 2011ஆம் ஆண்டில் இடம் தந்தது. எடைச் சாதனை ஏடும் உடன் இருக்கவே செய்கின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எடைக்காகப் பெருஞ்சுறாவைக் கொல்லத் தூண்டும் ஏடு இனி வேண்டாம் என்பேன்.

கொம்பன் சுறாவின் திறத்தில் என் துணிபு இன்னும் கண்டிப்பானது. அதனை நாடித் தூண்டில் இடுதலே தகாது. வேறு மீனுக்கு இட்ட தூண்டிலில் அது தானே வந்து அகப்பட்டால், நீரின்மேல் அத்தலையின் வடிவம் தெரிந்த அந்நொடியே முள்ளுக்கு அருகில் நரம்பை அறுத்துவிடுதல் வேண்டும். துருவேறும் இரும்பு முள்ளாயின் நாளடைவில் அது உதிர்ந்துவிடும். படம் இராது. எடை இன்னது, நீளம் இன்னது என்று கரையில் உள்ளோர்க்குச் சொல்ல ஒன்றும் இராது. வயிற்றில் குட்டிகள் இருந்தனவா, எத்தனை இருந்தன என்பதையும் எவரும் அறியார்.