இ20-உம் ஒற்றைவரிச் சமன்பாடும்

இ20 பெட்ரோலை மட்டுமே விற்பதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்கில் கலப்பளவை எழுதி ஒட்ட வேண்டும் என்று மனுவில் கேட்டிருந்தார்கள். இரண்டாவதையாவது ஏற்றிருக்கலாம். வாங்கும் எரிபொருளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

மைலேஜ் சண்டையில் நாம் இறங்க வேண்டாம். எத்தனாலின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 27 மெகாஜூல், பெட்ரோலுக்கு 43. கணக்கு அதிலேயே இருக்கிறது. இ0-வுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது.

நமக்கு வேலை ஆல்டிஹைடில். எத்தனாலின் ஆல்ஃபா கார்பனிலிருந்து ஓஎச் ரேடிக்கல் ஹைட்ரஜனைப் பறித்தால் மிஞ்சும் ரேடிக்கல், ஆக்சிஜனோடு வினைபுரிந்து அசெட்டால்டிஹைடைத் தருகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், வினையூக்கி சூடேறுமுன், அது சைலன்சர் வழியே தெருவுக்கு வந்துவிடும். பி.எஸ்.6 பட்டியலில் அதற்குத் தனி வரம்பு கிடையாது. மொத்த ஹைட்ரோகார்பனில் சேர்ந்துவிடுமே என்பார்கள். அதை அளக்கும் எஃப்ஐடி, ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறுகளைக் குறைத்துக் காட்டும். ஃபார்மால்டிஹைடை அநேகமாகக் கண்டுகொள்ளவே செய்யாது. எத்தனாலில் நமக்கு மூத்த பிரேசில் ஆல்டிஹைடுக்கு வரம்பு வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இதை நம் மாணவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? பல கல்லூரிகளில் எரிதல் பாடம் ஸ்டாய்க்கியோமெட்ரி, அடியாபேட்டிக் சுடர் வெப்பநிலை, ஒற்றைவரிச் சமன்பாடு என்று நின்றுவிடுகிறது. என்டிசி தேர்வுக்கு வராது. கான்டெராவில் மெக்கானிசம் கோப்பை ஏற்றித் தீப்பற்றும் தாமதத்தை எடுத்துவிடும் முதுகலை மாணவரிடம், எத்தனால் கலந்தால் அது ஏன் நீள்கிறது என்று கேளுங்கள். சென்சிடிவிட்டி வரைபடத்தைத் திறந்து காட்டுவார். பாராஃபினின் தாழ்வெப்பக் கிளைப்புக்கு வேண்டிய ஓஎச்-ஐ எத்தனால் விழுங்கிவிடுகிறது என்பது வாயில் வராது. அவரைத் திட்டிப் பயனில்லை. வினைவேகவியலுக்கு ஒரு தாள் கேட்டால் பாடத்திட்டக் குழுவினர் அது வேதியியல் துறையின் வேலை என்கிறார்கள். அந்தத் துறைக்காரர்களோ எஞ்சின் தங்களுக்கு எதற்கு என்கிறார்கள். ஷாக் டியூபுக்குப் பணம் கேட்டுப் போனால், மூன்றாண்டில் என்ன பொருள் சந்தைக்கு வரும் என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள். வினைவேக மாறிலி சந்தைக்கு வராது ஐயா. லிவர்மோரிலும் கால்வேயிலும் ஆக்கிய மெக்கானிசங்களை இறக்கி நம் பெட்ரோலுக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். சென்னை ஐஐடியின் தேசிய எரிதல் ஆய்வு மையம் போன்ற ஓரிரு இடங்களைக் காட்டி நாடே தயார் என்று மேடையில் பேசுவது அதிகாரிகளுக்கு எளிது.

இப்போது இ27 பேச்சு அடிபடுகிறது. அதற்குமுன், குளிர் எஞ்சினின் புகையை டிஎன்பிஎச் கார்ட்ரிட்ஜில் பிடித்து எச்பிஎல்சியில் அளந்த ஆல்டிஹைடு எண்களை, வண்டி வாரியாக அமைச்சகம் வெளியிட வேண்டும். அளக்க ஆள் போதவில்லை என்று பதில் வருமானால், பாடத்திட்டக் குழு திருப்பி அனுப்பிய அந்தத் தாளின் நகலை அமைச்சகத்துக்கே அனுப்பிவைக்கிறோம்.